தமிழில் முதல் மின்னூல்: மென்பொருளுக்குக் காசு கொடுக்கும் முன்

என் மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் வட்டாரக் கண்மாய்களைப் பற்றி விழா மலர்களிலும் சிற்றிதழ்களிலும் அவர் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டோம். அச்சுக்கு வேலை செய்து கொடுத்த டிடிபி சென்டரே பிடிஎஃப் கோப்பையும் தந்தது. திரையில் திறந்தால் அச்சுப் பிரதியைப் போலவே அழகாக இருந்தது. மாமா தேடுபெட்டியில் ‘கண்மாய்’ என்று தட்டினார். எதுவும் இல்லை என்று வந்தது. “என்னப்பா, பக்கத்துக்குப் பக்கம் கண்மாய்னுதானே எழுதியிருக்கேன்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினேன். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல் வந்து விழுந்தது. புத்தகம் முழுவதையும் பழைய பாமினி வகை எழுத்துருவில் அடித்திருந்தார்கள். படிக்கிற கண்ணுக்கு அது தமிழாகத் தெரிந்தது, கணினி அதை ஆங்கில எழுத்துகளாகவே வைத்திருந்தது.

அதனால் யாராவது என்னிடம் “பிடிஎஃப், மின்னூல் எல்லாம் செய்யணும், விலை குறைவா எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?” என்று கேட்டால், விலையைப் பிறகு பார்ப்போம் என்றுதான் சொல்கிறேன். முதல் புத்தகத்துக்கு வேண்டிய நல்ல மென்பொருள்கள் எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் எழுத்தை ஒரு மென்பொருள் யூனிகோடில் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையில்), வடிவம் கெடாமல் கையாள்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அதில் தேறாத மென்பொருளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் நஷ்டம்தான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: பிடிஎஃப்பா, ஈபப்பா?

பிடிஎஃப் என்பது பக்கத்தை அப்படியே உறைய வைத்த கோப்பு. அடோபி நிறுவனம் 1993-இல் கொண்டுவந்தது. 2008-இல் ஐஎஸ்ஓ 32000 என்ற பொதுத்தரமாக ஆனது. அடோபிக்குப் பணம் கட்டாமலே பிடிஎஃப் செய்ய இத்தனை இலவச மென்பொருள்கள் இருப்பதற்கு அந்தப் பொதுத்தரம் ஒரு முக்கியக் காரணம். அச்சுக்குப் போகிற புத்தகம், விண்ணப்பப் படிவம், கேள்வித்தாள், அட்டவணைகள் நிறைந்த கணக்கு என்றால் பிடிஎஃப்தான் சரி.

ஈபப் என்ற மின்னூல் கோப்பு வேறு மாதிரி. அதில் பக்கம் என்பதே நிரந்தரமில்லை. படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கி அமைந்துகொள்ளும். வாசகர் கைபேசியில் படிக்கப் போகிறார் என்றால் கதை, கட்டுரை, பயண நூல் எல்லாவற்றுக்கும் ஈபப்தான் வேண்டும். ஏ4 அளவு பிடிஎஃப்பைக் கைபேசியில் படித்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வயதானவர்கள் இரண்டு பக்கத்தோடு மூடிவிடுவார்கள்.

நடுவில் ஒரு வழி உண்டு. 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டத்தில் ஒரே நூலை ஈபப்பாகவும், ஏ4 பிடிஎஃப்பாகவும், ஆறு அங்குலத் திரைக்கான சிறிய பிடிஎஃப்பாகவும் தருவார்கள். மூன்றாவது யோசனையை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தின் அளவை 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் என்று வைத்து, ஓரத்தில் அரை சென்டிமீட்டர் மட்டும் விட்டு பிடிஎஃப் எடுத்தால் கைபேசியில் தள்ளாமலே படிக்கலாம். ஈபப் செயலி என்றாலே தயங்குகிற உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப நான் இதைத்தான் செய்கிறேன்.

மென்பொருளுக்கு ஒரு வரிப் பரீட்சை

இந்த வரியை எங்காவது சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்:

கொடி, கோழி, கௌதாரி, யானை, நுங்கு, தூண், ஸ்ரீரங்கம், லக்ஷ்மி

எந்த மென்பொருளை யார் சொன்னாலும், இலவசமோ விலைக்கோ, முதலில் இந்த வரியை அதில் ஒட்டிப் பாருங்கள். யூனிகோடில் ‘கெ’ என்பதைக் கணினி முதலில் ‘க’, அடுத்துக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கிறது. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். ‘கோ’ என்றால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் பக்கத்தில் தனியாகத் தொங்கும். ‘ஸ்ரீ’ இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு எழுத்து இப்படிப் பிழையாக வந்தாலும் அந்த மென்பொருளை விட்டுவிடுங்கள், சரிசெய்ய முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஸ்க்ரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருள் இதற்கு நல்ல உதாரணம். அதன் பழைய 1.4 வரிசையில் தமிழ் ஒழுங்காக வராது. 1.5.3 பதிப்பிலிருந்து இந்திய எழுத்துகளைச் சரியாக வரையத் தொடங்கியது. 2024-இல் 1.6 நிலையான பதிப்பாக வந்தது. ‘ஸ்க்ரைபஸில் தமிழ் வராது’ என்று இன்னும் சொல்கிறவர்கள் பழைய பதிப்பைப் பார்த்தவர்கள். ஆகவே கேள்விப்பட்டதை வைத்து ஒரு மென்பொருளைத் தள்ளவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். ஒட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

திரையில் சரியாக வந்தால் பாதிதான் தேறியது. அதே வரியை பிடிஎஃப் ஆக்கி இன்னும் இரண்டு செய்யுங்கள். பிடிஎஃப்பைத் திறந்து ‘கோழி’ என்று தேடுங்கள். பிறகு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டுங்கள். ‘ேகாழி’ என்று கொம்பு முன்னால் ஓடி வந்தால், அந்தக் கோப்பில் எழுத்துகள் உச்சரிப்பு வரிசையில் இல்லாமல் வடிவ வரிசையில் பதிந்திருக்கின்றன என்று பொருள். பார்வையற்றவர்களுக்குத் திரை வாசிப்பான் அதைத் தவறாகவே வாசிக்கும், தேடினாலும் கிடைக்காது. சில சமயம் தவறு கோப்பில் இருக்காது, திறக்கிற செயலியில் இருக்கும். எனவே இரண்டு வேறு செயலிகளில் சோதியுங்கள்.

பழைய எழுத்துருவில் இருப்பதை முதலில் மாற்றுங்கள்

கையில் இருப்பது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்போ, பாமினி, வானவில், டாப், டாம் போன்ற பழைய குறியேற்றத்தில் அடித்ததோ என்றால், வேறெதற்கும் முன் அதை யூனிகோடுக்கு மாற்றுங்கள். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமே தன் தொடக்க கால நூல்களை திஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் வெளியிட்டு, பின்னால் யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. இதற்கென்றே என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால் வேலை சில நிமிடம்தான். தெரியாவிட்டால் ஒரே ஒரு பத்தியை ஒவ்வொரு வகையிலும் மாற்றிப் பாருங்கள், சரியானதில் மட்டும் தமிழ் வரும்.

மாமாவின் புத்தகத்தை மாற்றியபோது எழுத்து வந்துவிட்டது, இடையில் இருந்த ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் உளறலாகிவிட்டன. கருவிக்குத் தமிழையும் ஆங்கிலத்தையும் பிரித்தறியத் தெரியாது என்பதுதான் காரணம். அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெய்ப்பு பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு வாரம் ஆனது. கடைசியில் மாமா மறுபடியும் ‘கண்மாய்’ என்று தட்டிப் பார்த்தபோது வரிசையாக மஞ்சள் பூசி வந்தது. ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கடைசிப் பக்கம் வரை போனார்.

கோப்பே இல்லை, அச்சுப் பிரதி மட்டும்தான் இருக்கிறது என்றால் பக்கங்களைத் தெளிவாக ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகளை எடுத்துத் தரும். தமிழுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. ‘ர’வும் காலும் இடம் மாறும், அதைக் கவனித்துத் திருத்துங்கள்.

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் வேலையைத் தொடங்குதல்

புதியவர்களுக்கு நான் சொல்வது லிப்ரே ஆபிஸ்தான். ஓப்பன் ஆபிஸிலிருந்து 2010-இல் பிரிந்து வளர்ந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கிடையாது, வாட்டர்மார்க் கிடையாது, முப்பது நாள் கெடு கிடையாது. பிடிஎஃப், ஈபப் இரண்டையும் தானே எடுத்துத் தரும். ஈபப் வசதி 2018-இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து இருக்கிறது.

தமிழில் எழுதுகிற ஏறக்குறைய எல்லோரும் இதில் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஸ்டைலில் (ஒரு வகைப் பத்திக்கான எழுத்துரு, அளவு, இடைவெளியைச் சேர்த்து வைக்கிற அமைப்பில்) எழுத்துருவை மாற்றுவார்கள், அளவை 12 என்று வைப்பார்கள். தமிழ் அசையாது, அப்படியே இருக்கும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று எடுத்தெறிவார்கள். விஷயம் இதுதான்: லிப்ரே ஆபிஸ் ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கு ஓர் எழுத்துருவும், தமிழ் போன்ற எழுத்துகளுக்குத் தனியாக இன்னோர் எழுத்துருவும் வைத்திருக்கிறது. நீங்கள் மாற்றியது முதலாவதை. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் என்று போய், மொழிப் பிரிவில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற கட்டத்தை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு ஸ்டைலின் எழுத்துருப் பகுதியில் தமிழுக்கான இடம் தனியாகத் தெரியும். அளவையும் அங்கேதான் மாற்ற வேண்டும்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேடமரான் இவற்றில் ஒன்றை எடுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும். இவை திறந்த உரிமத்தில் இருப்பதால் புத்தகத்துக்குள் பொதித்துக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். விண்டோஸோடு வருகிற லதா, நிர்மலா எழுத்துருக்கள் மைக்ரோசாஃப்ட்டின் உரிமத்துக்கு உட்பட்டவை. ஈபப்பில் எழுத்துருக் கோப்பையே உள்ளே வைத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம், அதனால் உரிமப் பிரச்சினை இல்லாததையே எடுப்பது நல்லது.

அடுத்தது தலைப்புகள். அத்தியாயத் தலைப்பைப் பெரிய எழுத்தாக்கி, போல்ட் போட்டு, நடுவில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கர்சரைத் தலைப்பில் வைத்து ‘ஹெடிங் 1’ என்ற ஸ்டைலைக் கொடுங்கள். உட்தலைப்புக்கு ‘ஹெடிங் 2’. எஃப்11 விசையை அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் வலப்பக்கம் திறக்கும். போல்ட் போட்ட வரி உங்களுக்குத் தலைப்பாகத் தெரியும், மென்பொருளுக்கு அது சற்றுத் தடித்த இன்னொரு வரி மட்டுமே. ஹெடிங் ஸ்டைல் கொடுத்துவிட்டால் பொருளடக்கம் தானாக உருவாகும், பிடிஎஃப்பில் இடப்பக்கம் அத்தியாயப் பட்டியல் வரும், ஈபப் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரியும். இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால் மின்னூல் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

அதேபோல் அடுத்த பக்கத்துக்குப் போக என்டரைத் தட்டிக்கொண்டே போகாதீர்கள். பத்தி தொடங்க ஸ்பேஸ் பாரை ஐந்து முறை தட்டாதீர்கள். ஈபப்பில் அவையெல்லாம் அர்த்தமில்லாத வெற்றிடங்களாக நடுத்திரையில் வந்து நிற்கும். பக்க முறிவுக்கு கன்ட்ரோலோடு என்டர், பத்தி உள்தள்ளலுக்கு ஸ்டைல்.

அச்சுக்கும் போகப்போகிறது என்றால் பக்க அளவை அச்சகத்தில் கேட்டுக்கொண்டு வையுங்கள். தமிழ்ப் புத்தகங்களில் அதிகம் புழங்கும் டெமி அளவு ஏறத்தாழ ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். எழுத்து 11 அல்லது 12 புள்ளி, வரி இடைவெளி 120 முதல் 130 சதவீதம். மேலே சுழியும் கீழே வளைவுமாக நம் எழுத்து இரண்டு பக்கமும் இடம் கேட்கும், நெருக்கி வைத்தால் இகர ஈகாரச் சுழி மேல் வரியின் ‘கு’, ‘ழு’ வளைவுகளோடு முட்டும்.

இருபுறமும் சமமாக வரி நிரப்புவது அச்சுப் பக்கத்துக்கு அழகுதான். கைபேசி அளவு பிடிஎஃப்புக்கு வேண்டாம். ‘எழுதிக்கொண்டிருந்தவர்களெல்லாம்’ போன்ற ஒரு சொல் வந்தாலே குறுகிய வரியில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் சீராக விடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஃபைல், எக்ஸ்போர்ட் அஸ், பிடிஎஃப். பிரிண்ட் கொடுத்து அங்கே பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுக்கும் வழியும் உண்டு, அதில் இணைப்புகளும் அத்தியாயப் பட்டியலும் தொலைந்துபோகும். எக்ஸ்போர்ட் பெட்டியில் ‘அவுட்லைன்’ பற்றிய கட்டத்தை டிக் செய்யுங்கள், பழைய பதிப்புகளில் அது ‘புக்மார்க்ஸ்’ என்று இருக்கும். நீண்ட காலம் வைத்திருக்க வேண்டிய ஆவணம் என்றால் ‘பிடிஎஃப்/ஏ’ என்பதையும் தேர்ந்தெடுங்கள். பயன்படுத்திய எழுத்துகள் எல்லாம் கோப்புக்குள்ளேயே பொதிந்துவிடும், எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாது. படங்கள் அதிகமாக இருந்து கோப்பு வீங்கினால் அதே பெட்டியில் படத் தெளிவை 150 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) ஆக்குங்கள், திரையில் படிக்க அது போதும். அச்சுக்கு 300 டிபிஐ வேண்டும், அதைத் தனிக் கோப்பாக எடுங்கள்.

ஈபப் எடுத்துச் சரிபார்ப்பது

அதே எக்ஸ்போர்ட் மெனுவில் ஈபப் இருக்கிறது. ஹெடிங்கை வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், அட்டைப்படத்தையும் நூலின் பெயர், ஆசிரியர் பெயரையும் கொடுங்கள். வந்த கோப்பைக் காலிபரில் திறந்து பாருங்கள். கோவிட் கோயல் 2006-இல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது, இன்றும் அடிக்கடி புதுப்பிக்கிறார்கள். மின்னூல் வேலையில் இதைவிடக் கைகொடுக்கும் கருவி எனக்குத் தெரியாது.

வேர்டில்தான் எழுதிப் பழக்கம் என்றால் மாற வேண்டியதில்லை. ஹெடிங் ஸ்டைல்களோடு எழுதி, டாக்எக்ஸ் கோப்பாகச் சேமித்து, காலிபரில் ஏற்றி ஈபப்பாக மாற்றலாம். பழைய ‘டாக்’ கோப்பைக் காலிபர் எடுக்காது. மாற்றும் பெட்டியில் எழுத்துருவைப் பொதிக்கும் கட்டம் இருக்கும், அதை டிக் செய்யுங்கள்.

பிடிஎஃப்பைக் காலிபரில் போட்டு ஈபப் எடுக்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். மாற்றுவதற்கு மிக மோசமான வடிவங்களில் பிடிஎஃப்பும் ஒன்று என்று காலிபரின் கையேடே எச்சரிக்கிறது. வரி முடிகிற இடமெல்லாம் பத்தி முடிந்ததாக எண்ணிவிடும், பக்க எண்கள் கதைக்கு நடுவே வந்து உட்காரும். தமிழ் என்றால் கொம்பும் காலும் குழம்புவது கூடுதல் தொல்லை.

ஈபப்பைப் பற்றிப் பயம் போக ஒரு காரியம் செய்து பாருங்கள். ஒரு பிரதி எடுத்து, கோப்பின் பெயர் முடிவில் ஈபப் என்றிருப்பதை ‘ஜிப்’ என்று மாற்றி விரியுங்கள். அத்தியாயத்துக்கு ஒன்றாக வலைப்பக்கங்கள், ஒரு கோப்புறையில் படங்கள், இன்னொன்றில் எழுத்துரு. அவ்வளவுதான் மின்னூல். உள்ளே கைவைத்துத் திருத்த சிகில் என்ற இலவசத் தொகுப்பான் இருக்கிறது, வலைப்பக்கம் எழுதுகிற எச்டிஎம்எல் மொழி கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

கடைசிச் சோதனையைக் கைபேசியில் செய்யுங்கள், அதுவும் விலை குறைந்த ஒன்றில், எழுத்தைப் பெரிதாக வைத்து. பொருளடக்கத்தில் கடைசி அத்தியாயத்தைத் தட்டினால் அங்கே போகிறதா, கவிதை வரிகள் உடைகின்றனவா, படம் திரைக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

எப்போது காசு கொடுக்கலாம்

மாத இதழ், பல பத்திகள் ஓடுகிற பக்கம், வண்ணப் படங்களோடு கூடிய பாடநூல் என்று தொடர்ந்து அச்சு வேலை செய்கிறவர்களுக்கு அடோபி இன்டிசைன் சந்தா நியாயமான செலவு. அதில்கூட ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் சரியாக வரும். ஆண்டுக்கு ஒரு புத்தகம் போடுகிறவருக்குச் சந்தா வேண்டாம். அந்தப் பணத்தை ஒரு நல்ல மெய்ப்புத் திருத்துநருக்குக் கொடுங்கள், புத்தகம் பல மடங்கு மேம்படும்.

கோப்புகளை இணைக்க, பிரிக்க, பக்கம் நீக்க பிடிஎஃப்சாம் பேசிக் போன்ற இலவச மென்பொருளைக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். கோப்பை ஏற்றச் சொல்கிற இணையதளங்களில் வெளிவராத கையெழுத்துப் பிரதியையோ, ஆதார், பத்திரம் போன்றவற்றையோ ஏற்றாதீர்கள். சோதனைப் பதிப்பு என்று தருகிறவற்றை நிறுவும் முன், கடைசியில் எடுக்கிற கோப்பில் வாட்டர்மார்க் விழுமா என்று ஒரு பக்கத்தில் சோதியுங்கள். முந்நூறு பக்கம் முடித்துவிட்டுத் தெரிந்துகொண்டால் வேறு வழியில்லாமல் பணம் கட்ட வேண்டிவரும்.

அட்டைக்கு கேன்வாவின் இலவசக் கணக்கோ, இங்க்ஸ்கேப்போ போதும். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலுக்கு உயரம் 2560, அகலம் 1600 பிக்சல் என்று செய்துவிட்டால் மற்ற இடங்களுக்கும் அதையே பயன்படுத்தலாம்.

விற்க நினைப்பவர்களுக்கு: கிண்டிலில் 2016 முதல் தமிழ் இருக்கிறது. ஈபப் அல்லது டாக்எக்ஸ் கொடுங்கள். கிண்டில் மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்) கட்டாயமில்லை. அச்சு நூலுக்கு வேண்டுமென்றால் இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, காசு கேட்கிற இடைத்தரகர் தேவையில்லை. கிண்டிலில் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும், இலவசமாகக்கூடக் கொடுக்கக் கூடாது. நண்பர்களுக்கு அனுப்புவதும் இணையத்தில் பொதுவில் வைப்பதும்தான் உங்கள் நோக்கம் என்றால் அந்தக் கட்டத்தை டிக் செய்யாதீர்கள்.

புத்தகம் வெளியான மறுநாளே யாராவது ஒரு பிழையைச் சொல்வார்கள். அதை பிடிஎஃப்பிலோ ஈபப்பிலோ திருத்தாமல் மூலக் கோப்பில் திருத்தி, இரண்டையும் புதிதாக எடுங்கள். கோப்பின் பெயரோடு தேதியைச் சேருங்கள். மூலக் கோப்பும், எழுத்துருவும், படங்களும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். ஒரு பிரதி பென் டிரைவில், இன்னொன்று கூகுள் டிரைவில். டிடிபி சென்டரில் வேலை கொடுத்திருந்தாலும் பிடிஎஃப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், யூனிகோடில் உள்ள மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். இதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.